மூன்று ஆண்டுகளாகப் போர்வைக்குள் நிற்கும் பைக்கை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 61. வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பைக் 31 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கிக்கரை மிதிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாகப் போர்த்தி வைத்திருக்கிறேன். விற்றுவிடுங்கள் என்கிறாள் மகள். பழைய இரும்பு வாங்குபவர் எடைக்குக் கேட்கிறார். ஓர் இளைஞர், தாம் வாங்கி வெட்டி வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். விற்பதென்றால் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டுமா? விலையை எப்படி முடிவுசெய்வது? ஒரே ஒரு முறையாவது ஓட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் 31 ஆண்டுகளைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது அந்த மூன்று ஆண்டுகளில். தினமும் ஓடிய பைக்குக்கு 31 வயது ஒரு பெரிய வயதே இல்லை. ஓடாமல் நிற்கும் பைக்குக்கு மூன்று ஆண்டுகள் மிகவும் அதிகம்.

போர்வைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களிலேயே போய்விடும். எஞ்சியது பிசினாக இறுகும். கார்புரேட்டரில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சிறிய ஜெட்டின் துளை, அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அது முதலில் அடைபடும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துரு அங்கேதான் தொடங்குகிறது. சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் வடிந்து இறங்கிவிட, பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டப் பார்க்கும். என் சொந்த பைக் ஒன்றை, ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்லியே நான்கு ஆண்டுகள் நிறுத்திவைத்தவன் நான். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டவில்லை. பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒன்று அடியில் படிந்திருந்தது, நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. ஆகவே இது உபதேசம் இல்லை, பட்டவன் சொல்வது.

அதனால் விற்பதா வேண்டாமா என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறீர்கள் என்பதுதான் இப்போது முக்கியம். வைத்துக்கொள்வதும் நல்ல முடிவுதான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அதை இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறுத்திவைப்பதைவிட மோசம். எரியும் பெட்ரோலிலிருந்து நீராவி வருகிறது. எஞ்சினும் சைலென்சரும் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். பாதிச் சூட்டில் அணைத்தால் அந்த நீர் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கும், சைலென்சரை உள்ளிருந்து அரிக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஓட்டுபவர் யாரும் இல்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் இன்று இருக்கும் நிலையில் கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் ஓடாத பைக்கை வாங்க வருபவர், எஞ்சினுக்குள் இருக்கக்கூடிய கோளாறுகள் அத்தனையும் இருப்பதாகவே கணக்குப்போட்டு விலை சொல்வார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். எளிய மராமத்து செய்து, நின்ற இடத்தில் சீராக ஓடுகிறது என்று காட்டினால் பேச்சே மாறிவிடும்.

யாரும் எடுத்தவுடன் கிக்கரை மிதிக்கக் கூடாது. உங்கள் ஆர்வத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன் ‘நான் மிதிக்கிறேன் ஐயா’ என்று வருவான், விடாதீர்கள். ஒட்டிய வளையங்களை வலிய இழுத்தால் சிலிண்டர் கீறிப்போகும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் துளையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சக்கரம் நகராவிட்டால் இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

பிறகு பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட்டு, டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்சுவர் பளபளத்து அடியில் மட்டும் செம்மண்போல் படிந்திருந்தால் சுத்தம் செய்துவிடலாம். செதில் செதிலாக உரிந்தால் வேலை பெரிது. எஞ்சின் ஆயிலையும் வடியுங்கள். வருவது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்களைச் சுத்தம் செய்வது, புது பிளக், புது பேட்டரி, பெட்ரோல் குழாய், பிரேக் ஷூ: செலவு இத்தோடு நிற்க வேண்டும். எஞ்சினைப் பிரித்து முழு ஓவர்ஹால் செய்யலாம் என்று மெக்கானிக் சொன்னால், விற்கப்போகிறவருக்கு அது தேவையில்லை. அந்தச் செலவு விற்பனை விலையில் திரும்பி வருவது அபூர்வம்.

பெயின்ட் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: தொடாதீர்கள். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபீவா என்பார்கள், 1966இல் தொடங்கியது. பாரம்பரிய வாகனத்துக்கு அவர்கள் கேட்பது குறைந்தது 30 ஆண்டு வயது, வரலாற்று முறைப்படி சரியான நிலையில் பேணப்பட்டிருத்தல், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமை. உங்கள் பைக் வயதில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. விவரம் தெரிந்து வாங்குபவர்கள் மங்கிய அசல் பெயின்டுக்குத் தரும் மதிப்பைப் பளபளக்கும் புதுப் பெயின்டுக்குத் தருவதில்லை. அசல் ஒரு முறைதான் கிடைக்கும் என்பது ஒரு காரணம். புதுப் பெயின்டுக்கு அடியில் எந்த நெளிவையும் எந்த ஒட்டையும் மறைக்கலாம் என்பது இன்னொரு காரணம். விற்கும் நேரத்தில் பெயின்ட் அடித்தால், நேர்மையானவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு மாலைப் பொழுதைச் செலவழியுங்கள். மென்மையான சோப்பு நீர், பழைய பல்துலக்கி, அலுமினியத் தாள். தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துரு படிந்த குரோம் மீது தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு வழியும், அதைத் துடைத்தால் அடியில் பழைய மினுமினுப்பு தலைகாட்டும். சீட் உறை கிழிந்திருந்தால் மாற்றலாம், ஆனால் பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள். கழற்றிய அசல் பாகம் எதுவானாலும் ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள். வாங்கிய ரசீது, கையேடு, இரண்டாவது சாவி, டூல் கிட், இத்தனை ஆண்டு மராமத்துச் சீட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போகட்டும். சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருப்பவரிடம் பேரம் பேசவே கூச்சமாக இருக்கும், நான் அனுபவித்திருக்கிறேன்.

விலைக்கு வருவோம். மனத்தில் ஒரு தொகை வைத்திருப்பீர்கள், அது அதிகம். உங்களை நேரில் தெரியாமலே நான் இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு விலை பேச வைத்தார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை அவர்களுடையதாகி சில நிமிடங்களே ஆகியிருந்தன. உங்களுக்கோ 31 ஆண்டுகள்! எனவே உங்கள் மனக்கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, அதே மாடல், ஏறத்தாழ அதே ஆண்டு, அதே நிலை என்று மூன்று நான்கு வண்டிகள் உண்மையில் எந்த விலைக்குக் கைமாறின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது விற்பவரின் ஆசை மட்டும்தான்.

பழைய இரும்புக்காரரை மறந்துவிடுங்கள். ஓடக்கூடிய வண்டியை எடைக்குப் போடுவது பணத்திலும் நஷ்டம், மனத்திலும் நஷ்டம். பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். நல்ல பாகங்கள் முதல் வாரத்தில் போய்விடும், அப்புறம் யாருக்கும் வேண்டாத மிச்சம் உங்கள் வாசலில் கிடக்கும். சேஸிஸ் எண் பொறித்திருக்கும் பைக்கின் சட்டகத்தை, பதிவை ரத்துசெய்யாமல் கைமாற்றினால், அந்த எண் நாளைக்கு எந்த வண்டியில் முளைக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த இளைஞரைப் பற்றிச் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. பைக்கை வெட்டுபவர் குறைந்தபட்சம் அதை ஓட்ட நினைக்கிறார். உங்கள் மாடல் தெருவுக்கு ஒன்று இருக்கும் வகையானால் அவரிடமே கொடுக்கலாம். அரிதானதாக, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவேட்டில் உள்ளபடியே பொருந்துவதாக இருந்தால், அசல் நிலையில் வைத்திருக்க விரும்பும் ஒருவரைத் தேடக் கொஞ்சம் காத்திருங்கள். யாருக்குக் கொடுத்தாலும், ‘வெட்டக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது’ என்று வாக்குறுதி வாங்காதீர்கள். கொடுத்த பிறகு அது அவர் வண்டி. வாக்குறுதி வாங்கினால் ஒவ்வொரு முறை தெருவில் பார்க்கும்போதும் நீங்கள்தான் வேதனைப்படுவீர்கள்.

வாங்குபவர் வருகிற நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். தெரிந்தவர் வந்ததும் பேச்சோடு பேச்சாக எஞ்சின்மேல் கை வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உங்கள்மீது நம்பிக்கை வரும், சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று முடிவுகட்டிவிடுவார். குறைகளை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எங்கே ஆயில் கசிகிறது, எந்த கியர் சில நேரம் விழாது, ஸ்பீடோமீட்டர் எப்போது நின்றது. ஓட்டிப் பார்க்கக் கேட்டால், முழுத் தொகையையும் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். ‘என் பைக்கை இங்கே விட்டுவிட்டுப் போகிறேன்’ என்பவரிடம் எச்சரிக்கை. விட்டுச் செல்வது யாருடைய பைக் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெயர் மாற்றம் முடியாமல் வண்டியை அனுப்பாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது, எவ்வளவு தெரிந்தவரானாலும் வேண்டாம். விற்பனைச் சீட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.

நினைவுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். பலர் டேங்கின் பெயர்ப் பட்டையைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். அது வண்டியின் முகத்தைப் பறிப்பதுபோல, விலையும் குறையும். ஹேண்டில்பாரின் ரப்பர் பிடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளில் அவை இறுகித் தேய்ந்திருக்கும், வாங்குபவரும் எப்படியும் மாற்றத்தான் போகிறார், நீங்களே புதியதைப் போட்டுக் கொடுக்கலாம். வலது பிடியை மட்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள், உங்கள் கட்டைவிரல் பதிந்த இடம் மொழுமொழுவென்று பள்ளமாகியிருக்கும். படங்களும் நிறைய எடுங்கள். பிரிய மனமில்லாத பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால், மாணவர்கள் அவற்றைக் கூடுதலாகத் தானம் கொடுக்க முன்வந்தார்கள் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

கடைசி ஓட்டத்தைப் பற்றி. ஆசை நியாயமானது, ஆனால் டயரைப் பார்க்காமல் ஏறாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதன்மேல் உட்காரவே கூடாது. பத்து ஆண்டைத் தாண்டியிருந்தாலும், விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தாலும், வரி எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக்கை மெக்கானிக் முதலில் ஓட்டிச் சோதிக்கட்டும். கிக்கரை அவரே மிதிக்கட்டும். எஞ்சின் சூடேறி ஓட்டம் சீரான பிறகு, நியூட்ரலில் நிற்கும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். முழங்கால் அறுவை செய்த மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நிறுத்தும்போது வண்டியின் பாரத்தை அந்தக் காலில் தாங்கலாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மகளுக்கு ஓட்டத் தெரியுமென்றால் அவளை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் சைலென்சர் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.