செற்றியில் படுக்கிற பெரியவன்

கேள்வி: லண்டனில் இரண்டு அறை கவுன்சில் வீட்டில் இருக்கிறோம். 13 வயதிலும் 8 வயதிலும் இரண்டு மகன்மார். சின்னவனுக்கு ஓட்டிசம். மூன்று அறை வீடு கேட்டோம். இரண்டும் ஆண் பிள்ளைகள், 16 வயது ஆகவில்லை, ஓர் அறை போதும் என்று கவுன்சில் மறுத்துவிட்டது. முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ரிவியூ கேட்க 21 நாள் தந்திருக்கிறார்கள், அதில் ஒன்பது நாள் போய்விட்டது. சின்னவன் சாமத்தில் எழும்பிக் கத்துவான். பெரியவன் நல்ல பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் செற்றியில் போய்ப் படுத்துவிடுவான். விண்ணப்பத்தில் நோய் பற்றிக் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டோம், எங்கள் ஆட்கள் கவுன்சிலில் வேலை செய்கிறார்கள். கவுன்சிலின் முடிவை எப்படி மாற்றுவது?

- ஒரு தாய், வடமேற்கு லண்டன்

பதில்: தங்கச்சி, பெரியவனைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். 13 வயதுப் பிள்ளை நடுச்சாமத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வருகிறான். விடிந்ததும் அரை நித்திரையோடு பள்ளிக்கூடம் போகிறான். அவன் வாய் திறக்காததை நல்ல குணம் என்கிறீர்கள். சொல்லியும் பயனில்லை என்று அவன் எப்போதோ முடிவு செய்திருந்தால்? மூத்தது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வளர்க்கிறோம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சின்னவனின் வருத்தத்தைச் சுமப்பது தாய் தகப்பனின் கடமை. அதை அண்ணன்காரனின் நித்திரையில் இருந்து எடுக்கக் கூடாது.

இவ்வளவு நடக்கிற வீட்டில் இருந்துகொண்டு, நோய் பற்றிக் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டீர்களே! கவுன்சிலுக்குப் போன தாளில் இரண்டு சுகமான பையன்கள்தான் இருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் நானும் ஓர் அறை போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஆட்கள் கதைப்பார்கள் என்று பயந்தீர்கள். அவர்களில் யாராவது ஒரு சாமம் வந்து உங்கள் மகனோடு முழித்திருப்பார்களா? அலுவலகத்தில் பார்த்ததை வெளியே கதைப்பவர் மீது முறைப்பாடு கொடுக்கலாம், அவர் வேலையே போகலாம். ஓட்டிசம் ஒளித்து வைக்கிற விஷயமும் இல்லை.

சரி, மிச்சம் 12 நாள். 1996-ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தில் 166ஏ பிரிவு, உங்கள் நிலைமை பற்றிக் கவுன்சில் எடுத்த முடிவை ரிவியூ செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவக் காரணத்துக்காக, அதிலும் உடல், மனக் குறைபாடு காரணமாக, வீடு மாற வேண்டியவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அறைக் கணக்கைக் கவுன்சில் தன் சொந்தத் திட்டப்படி போடுகிறது. அந்தத் திட்டத்தை இணையத்தில் எடுத்து, மருத்துவக் காரணத்துக்கு மேலதிக அறை தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதே சொற்களை உங்கள் கடிதத்தில் போடுங்கள். முதலில் ஏன் மறைத்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

வீட்டு வாடகை உதவிக்கு அறைகளை எண்ணுகிற கணக்கு வேறு. குறைபாடுள்ள இரு சகோதரிகள் ஓர் அறையில் படுக்க முடியாது என்ற வழக்கில் 2012-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு 2013 டிசம்பரில் விதியையே மாற்றினார்கள். டிஎல்ஏ என்பது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அரசு தருகிற உதவிப் பணம். அதில் நடுத்தர அல்லது உயர்ந்த அளவு பராமரிப்புப் பணம் பெறுகிற பிள்ளை, தன் குறைபாட்டால் இன்னொருவரோடு அறையைப் பகிர முடியாவிட்டால், தனி அறை கணக்கில் வரும். சின்னவனுக்கு டிஎல்ஏ கேட்டீர்களா? கவுன்சிலுக்கே சொல்லாத நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இரவில் திரும்பத் திரும்ப எழும்பிப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே நடுத்தர அளவு கிடைக்கலாம். உடனே விண்ணப்பியுங்கள்.

இன்று இரவில் இருந்து ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்குச் சின்னவன் எழும்பினான், எவ்வளவு நேரம் கத்தினான், பெரியவன் எப்போது செற்றிக்குப் போனான், எல்லாம் திகதியோடு வேண்டும். பிள்ளை மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். ஓட்டிசம் என்று மட்டும் எழுதினால் போதாது, அண்ணனோடு ஓர் அறையில் ஏன் படுக்க முடியாது என்று எழுத வேண்டும். பெரியவனின் வகுப்பாசிரியரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். கடிதங்கள் பிந்தினால் காத்திருக்க வேண்டாம். ரிவியூ வேண்டும் என்று இரண்டு வரி இன்றே ஈமெயிலில் அனுப்பிவிட்டு, ஆதாரம் பின்னால் வருகிறது என்று சொல்லுங்கள்.

ரிவியூவிலும் மறுத்தால் கவுன்சிலில் முறைப்பாடு, பிறகு முறைப்பாடுகளை வெளியே இருந்து விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன். முடிவு சட்டத்துக்கு முரணானது என்றால் நீதிமன்றம் போகலாம். அதற்குத் தாமதிக்கக் கூடாது, மூன்று மாதம்தான் கடைசி எல்லை. இலவசமாக ஆலோசனை சொல்கிற தொண்டு அமைப்புகளான ஷெல்டரிலோ சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ இப்போதே கதையுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: வென்றாலும் லண்டனில் மூன்று அறை வீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதுவரை நீங்களும் கணவரும் முறை வைத்துச் சின்னவனோடு படுங்கள். பெரியவனை உங்கள் அறையில் படுக்க விடுங்கள், செற்றியில் நீங்கள் படுக்கலாம்.

அவனைப் பக்கத்தில் இருத்தி, எத்தனை மாதமாக இப்படிப் படுக்கிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை அவன் சொன்ன மாதிரியே ரிவியூ கடிதத்தின் முதல் பந்தியில் எழுதுங்கள்.