செல்லுக்குச் சான்று இருக்கிறது, பேக்குக்கு?

கேள்வி: கோவையில் சோலார் தெருவிளக்குக்கான லித்தியம் பேட்டரி பேக் அசெம்பிள் செய்கிறோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்; நாலு சீரிஸ், மூணு பேரலல், மொத்தம் 12 செல். 12.8 வோல்ட், 18 ஏஹெச். இறக்குமதி செய்யும் செல்லுக்கு யுஎன் 38.3 (லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கான பாதுகாப்புச் சோதனை) ரிப்போர்ட்டும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் இருக்கின்றன. கென்யாவுக்கு 60 பேக்கை விமானத்தில் அனுப்பக் கொண்டுபோனால், ‘பேக்கின் டெஸ்ட் சம்மரி எங்கே?’ என்று கார்கோ ஏஜென்ட் திருப்பிவிட்டார். செல் பாஸான பிறகு பேக்கையும் ஏன் சோதிக்க வேண்டும்? இந்த வகை செல் தீப்பிடிக்காது என்கிறார்களே? பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் போர்டை வேறு கம்பெனியில் வாங்கப் போகிறோம். அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: ஏஜென்ட் சொன்னது சரி. அவர்மேல் கோபப்படாதீர்கள். ஒரு செல் தனியாகப் பாஸானதும், அதே செல் பன்னிரண்டை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டு அடித்து, மேலே ஒரு போர்டு வைத்து, ஷ்ரிங்க் உறை போட்டதும் விதியின் கண்ணில் இரண்டு தனித்தனிப் பொருள்கள். இரண்டாவதைத் தயாரிப்பவர் நீங்கள். அதைச் சோதித்துக் காட்டும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

ஐக்கிய நாடுகள் சபை வெளியிடும் சோதனைக் கையேட்டில் 38.3 என்ற பிரிவில் டி1 முதல் டி8 வரை எட்டு சோதனைகள் இருக்கின்றன. டி6, டி8 இரண்டும் செல்லுக்கானவை. முதலாவது நசுக்குவது அல்லது மேலே எடை போடுவது, அடுத்தது வலுக்கட்டாயமாக டிஸ்சார்ஜ் செய்வது. இவற்றை செல் கம்பெனி முடித்திருக்கும். மீதமுள்ள ஆறும் பேக்குக்கு உண்டு. முழு சார்ஜில் புதிய பேக் நாலு, 25 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பேக் நாலு என்று லேப் கேட்கும். டி1 முதல் டி5 வரை அதே பேக்குகள் வரிசையாகக் கடந்து வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிது மாற்ற முடியாது.

டி1 சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துக் காற்றழுத்தம். இதில் உங்கள் பேக்குக்குப் பெரிய தொந்தரவு வராது. டி2தான் முதல் சவால். 72 டிகிரியில் 6 மணி நேரம், மைனஸ் 40இல் 6 மணி நேரம், இப்படிப் பத்துச் சுற்று. இது மட்டுமே ஐந்து நாளுக்கு மேல் ஓடும். சூட்டில் இளகும் க்ளூவை நம்பி ஒட்டிய வயர்கள் இங்கேதான் கழன்று தொங்கும். டி3இல் 7 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு திசைக்கும் 3 மணி நேரம் அதிர்வு. டி4இல் உங்கள் பேக் சுமார் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பைப் போல 150 மடங்கு முடுக்கத்தில் 18 அதிர்ச்சி அடி. (கனமான பேக்குக்கு எடையைப் பொறுத்து இந்த அளவு குறையும்.)

தீப்பிடிக்கவில்லை, கசியவில்லை என்பதால் மட்டும் பாஸ் ஆகிவிடாது. டி1 முதல் டி4 வரை ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் பேக்கின் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் (எதையும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ்), சோதனைக்கு முன் இருந்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 13.3 வோல்ட் காட்டிய பேக் 12 வோல்ட்டாவது காட்ட வேண்டும். சின்னத் தயாரிப்பாளர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செல்கள் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் அதிர்வில் செல்லின் வோல்டேஜை அளக்கும் ஒரு சென்ஸ் வயரின் சால்டர் விட்டுப்போயிருக்கும், பிஎம்எஸ் பயந்து அவுட்புட்டை மூடிவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். ரிப்போர்ட்டில் ஃபெயில் என்றுதான் வரும். எடையும் பார்ப்பார்கள். 2 கிலோ பேக் என்றால் 2 கிராமுக்கு மேல் குறைந்தால் கசிவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

டி5 ஷார்ட் சர்க்யூட். சுமார் 57 டிகிரிக்குச் சூடேற்றிய பேக்கின் இரண்டு முனைகளையும் 0.1 ஓமுக்கும் குறைவான மின்தடையில் இணைப்பார்கள். பேக் 170 டிகிரியைத் தாண்டக் கூடாது, வெடிக்கக் கூடாது, அடுத்த 6 மணி நேரத்துக்குள் தீப்பிடிக்கவும் கூடாது. டி7 ஓவர்சார்ஜ். நீங்கள் சொல்லும் அதிகபட்ச சார்ஜ் கரண்ட்டைப் போல இரண்டு மடங்கை 24 மணி நேரம் கொடுத்து, ஏழு நாள் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் பேக் 14.6 வோல்ட்டில் சார்ஜ் ஆவது என்றால், லேப் கொடுக்கும் வோல்டேஜ் 22. அதைத் தாங்காத மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்ட மலிவு பிஎம்எஸ் இந்த இடத்தில் நிற்காது. பிஎம்எஸ் வாங்கும்போது விலையை விட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பாதுகாப்பு போர்டின் ஹார்டுவேர், சாஃப்ட்வேர், செல்களின் எண்ணிக்கை, அவற்றை இணைக்கும் முறை ஆகியவற்றில் செய்யும் மாற்றம் சோதனை முடிவையே மாற்றக்கூடியது என்று கையேடு உதாரணமாகக் குறிப்பிடுகிறது. அப்படியானால் அது புதிய டிசைன், புதிதாகச் சோதிக்க வேண்டும். வேறு கம்பெனி பிஎம்எஸ் என்றால் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் இப்போதே லேபுக்கு ஓடாதீர்கள். பிஎம்எஸ்ஸை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் சோதனைக்குக் கொடுங்கள். நாளைக்கு 24 ஏஹெச் மாடல் போடும் எண்ணம் இருந்தால் அதற்கும் தனிச் சோதனை உண்டு. எனர்ஜி 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலே வேறு டிசைன்தான். உங்கள் விஷயத்தில் 230 வாட் அவர் 307 ஆகிறது, செல் எண்ணிக்கையும் மாறுகிறது. டிசைன் மாறாத வரை ரிப்போர்ட்டுக்குக் காலாவதி கிடையாது. வருடாவருடம் புதிது எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது அந்தந்த கேரியரின் வழக்கம், கையேட்டின் விதி அல்ல.

பிஐஎஸ் பதிவு இந்த நாட்டில் விற்பதற்கானது. அதில் வரும் சில சோதனைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் 38.3க்கு மாற்றாக ஏற்கப்படாது.

‘பாஸ்பேட் செல் தீப்பிடிக்காது’ என்ற பேச்சை தயவுசெய்து உங்கள் ஆட்களிடம் பரப்பாதீர்கள். மற்ற லித்தியம் அயான் வகைகளை விட இது நிதானமானது, சூட்டையும் அதிகம் தாங்கும், அது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எரியக்கூடிய திரவம். சூடேறி வால்வு திறந்தால் வெளியே வரும் வாயுவில் ஹைட்ரஜனும் உண்டு. மூடிய இடத்தில் வெடிக்க அது போதும். விதியும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இரண்டு வகைக்கும் ஆபத்தான சரக்குப் பட்டியலில் ஒரே எண், யுஎன் 3480தான். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் பற்றிய தீயால் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். விமானத்தின் தீயணைப்பில் பயன்படும் ஹேலான் வாயு சுவாலையை அடக்கும், ஆனால் ஒரு செல்லின் சூடு பக்கத்து செல்லுக்குத் தாவுவதை நிறுத்தாது. இந்த சோதனைகள் இவ்வளவு கறாராக இருப்பதன் காரணத்தை நான் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரி, பேக் பாஸாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தனிப் பேக்காக அனுப்பினால் பயணிகள் விமானத்தில் ஏறாது. 2016 ஏப்ரல் 1 முதல் அது தடை. சரக்கு விமானம் மட்டும்தான், அதிலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பேக் 100 வாட் அவரைத் தாண்டுவதால் சலுகை எதுவும் பொருந்தாது. யுஎன் முத்திரை பெற்ற பெட்டி, ஒன்பதாம் வகுப்பு (ஆபத்தான சரக்கு வகை) லித்தியம் லேபிள், ‘சரக்கு விமானம் மட்டும்’ லேபிள், ஷிப்பர் டிக்ளரேஷன் எல்லாம் வேண்டும். ஒரு பெட்டியில் 35 கிலோ வரை வைக்கலாம். சேதமான அல்லது குறை என்று திரும்பி வந்த பேக்கை விமானத்தில் அனுப்பவே கூடாது.

100 எண்ணிக்கைக்கு மிகாத சிறு உற்பத்திக்கும் மாதிரிகளுக்கும் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்லுவார்கள். இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி பேக்கிங் முறை, விமானம் என்றால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதியும் சரக்கு விமானமும் வேண்டும். தொடர்ந்து தயாரிக்கும் மாடலிலிருந்து 60ஐப் பிரித்து இந்த வழியில் தள்ள முடியாது. ‘எல்இடி விளக்கு உதிரி பாகம்’ என்று எழுதி அனுப்பலாம் என்று யோசனை சொல்பவர்களும் வருவார்கள். அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள்.

லேபுக்குப் போகும் முன் செல் ரிப்போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். அதில் இருக்கும் மாடல் எண், கெப்பாசிட்டி, எடை மூன்றும் உங்கள் கையில் இருக்கும் செல்லுடன் ஒத்துப்போகிறதா? நாலைந்து செல்லை எடுத்துத் தராசில் வையுங்கள். வேறு செல்லுக்கான ரிப்போர்ட்டை அனுப்பிவைக்கும் டிரேடர்களும் இருக்கிறார்கள். எடை கணிசமாக வேறுபட்டால் தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக டெஸ்ட் சம்மரி கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் பேக்குக்கு நீங்களும் அப்படி ஒன்று தயாராக வைத்திருக்க வேண்டும்.

25 சுற்று சார்ஜும் சேர்த்து முழுச் சோதனைக்கு ஒன்றிரண்டு மாதம் ஒதுக்குங்கள். கென்யா வாடிக்கையாளரிடம் இந்தத் தேதியை இன்றே சொல்லிவிட்டு, சரக்கைக் கப்பலில் அனுப்ப ஒப்புதல் கேளுங்கள். கடல் வழிக்கும் 38.3 கட்டாயம், ஒன்பதாம் வகுப்புதான். ஆனால் 30 சதவீத சார்ஜ் வரம்பு அங்கே இல்லை, 60 பேக்குக்குச் செலவும் குறையும்.