பலமாக அடித்தும் ஆள் விழாதது ஏன்? குத்துச்சண்டை: வாசகர் கேள்வி-பதில்

பயிற்சிக்குத் தொங்கவிட்டிருக்கும் பேக்கில் நான் அடித்தால் கூடமே அதிர்கிறது. "உனக்குக் கை கனம்" என்று வாத்தியாரும் சொல்கிறார். ஆனால் போட்டியில் என் அடிக்கு யாரும் விழுவதில்லை. என் எடைப் பிரிவிலேயே இருக்கும் ஒல்லியான பையன் அடித்தால் பேக்கில் சத்தமே வராது. அவன் ஆளைச் சாய்த்துவிடுகிறான். எங்கே கோளாறு?
– வாசகர், ராயபுரம்

கோளாறு உங்கள் கையில் இல்லை. பேக் தாடையை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. குத்து வருவதைப் பார்ப்பதும் இல்லை. அதில் தெரிவது உங்கள் விசை மட்டும்தான். ஒருவரை வீழ்த்துவதற்கு, அந்த விசை எந்த இடத்தில், எந்தக் கணத்தில், அவர் எந்த நிலையில் இருக்கும்போது போய்ச் சேர்கிறது என்பதுதான் கணக்கு.

தாடை நுனியில் பக்கவாட்டில் இறங்கும் குத்து, தலையைச் சட்டென்று திருப்பிவிடுகிறது. மண்டை ஓடு திரும்பும் வேகத்துக்கு உள்ளேயிருக்கும் மூளையால் ஈடுகொடுக்க முடியாது. அந்த முறுக்கில்தான் நினைவு தப்புகிறது. அதே விசை நெற்றியில் விழுந்தால் தலை அவ்வளவாகத் திரும்பாது. அடித்தவரின் விரல் எலும்பு உடைய வாய்ப்பு அதிகம். அடுத்தது கழுத்து. குத்து வருவதைப் பார்த்தவர் பல்லைக் கடித்து, கழுத்தை இறுக்கி, தோளை உயர்த்திக்கொள்கிறார். அப்போது தலையோடு உடம்பின் எடையும் சேர்ந்து அடியைத் தாங்குகிறது. பார்க்காதவருக்குத் தலை மட்டும் தனியாகத் துள்ளுகிறது. அந்த ஒல்லியான பையனின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்: அவன் அடி வருவது எதிராளிக்குத் தெரிவதில்லை.

விசை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2000-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், தேர்ந்த வீரர்களின் பின்கைக் குத்து (பின்னால் வைத்திருக்கும் கையால் அடிப்பது) சராசரியாக 4,800 நியூட்டன் (விசையின் அலகு), புதியவர்களுடையது 2,381 நியூட்டன் என்று அளந்தார்கள். இரண்டு மடங்கு வித்தியாசம். இவ்வளவு விசை இருந்தால் இடம் சற்றுத் தவறினாலும் எதிராளி தடுமாறுவார். ஆனால் விசை மட்டுமே போதாது என்பதற்கு ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வரலாறு முழுக்கச் சாட்சி இருக்கிறது.

எர்னி ஷேவர்ஸ் 74 வெற்றிகளில் 68-ஐ நாக்அவுட்டில் (எதிராளியை மேற்கொண்டு ஆட முடியாமல் வீழ்த்தி) பெற்றவர். அவர் கைக்கு நிகரில்லை என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். 1977-இல் முகமது அலி அவரோடு 15 ரவுண்டும் நின்று புள்ளிகளில் ஜெயித்தார். 1979-இல் லாரி ஹோம்ஸை 7-ஆவது ரவுண்டில் ஷேவர்ஸ் பலமாகச் சாய்த்தார். ஹோம்ஸ் எழுந்துவந்து 11-ஆவது ரவுண்டில் ஆட்டத்தை முடித்தார். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன் அடித்த அடியில் பெரும்பகுதி அலியின் முழங்கையிலும் முன்கையிலும்தான் விழுந்தது. கயிற்றில் சாய்ந்து தலையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார் அலி. ஃபோர்மன் சோர்ந்துபோனார், 8-ஆவது ரவுண்டில் விழுந்தவர் அவர்தான்.

இதற்கு நேர்மாறான ஆட்டம், 2012 டிசம்பர் 8 அன்று ஹுவான் மானுவல் மார்க்கெஸ், மேனி பாக்கியாவ் மோதிய நான்காவது சண்டை. 5-ஆவது ரவுண்டில் மார்க்கெஸ்தான் கீழே விழுந்தார். 6-ஆவது ரவுண்டு முடியும் தறுவாயில், பாக்கியாவ் எட்டு வைத்து உள்ளே வந்த அதே கணத்தில் மார்க்கெஸின் வலதுகை எதிரே வந்தது. பாக்கியாவ் முன்னேறிய வேகமும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரே அடி, முகம் தரையில். கை அதே கைதான். முந்தைய மூன்று சண்டைகளில் அது பாக்கியாவை ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எதிராளியின் தாடை உயரத்தில் பேக்கில் ஒரு சிறு டேப் ஒட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கீழ்விலா உயரத்தில் இன்னொன்று. பலத்தில் பாதியைக் குறைத்து, டேப்பில் மட்டும் படும்படி 3 நிமிட ரவுண்டு மூன்று அடியுங்கள். படாத குத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஸ்பாரிங்கில் (கூட்டாளியோடு செய்யும் பயிற்சிச் சண்டை), 30 முதல் 40 சதவீத பலத்தோடு, ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் பழகுங்கள். முதலில் வயிற்றுக்கு ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் இடதுகையால் போடும் நேர்குத்து). மறுபடியும் வயிற்றுக்கே ஒரு ஜாப். மூன்றாவது முறை முழங்காலை அதேபோல மடக்கி, பார்வையையும் கீழே வைத்து, வலதுகையைத் தாடைக்கு அனுப்புங்கள். எதிராளியின் கை தாழ்கிறதா என்று முதல் இரண்டு ஜாபிலேயே கவனிக்க வேண்டும். தாழவில்லையென்றால் மூன்றாவதை அடிக்காதீர்கள்.

பலமுள்ளவர்களிடம் வழக்கமாகக் காணும் பிழை ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பார்கள், அல்லது மூச்சைப் பிடித்துத் தோளை உயர்த்துவார்கள். எதிராளிக்கு அதுவே அறிவிப்பு. செல்போனில் உங்கள் பேக் பயிற்சியைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கை முன்னால் போவதற்கு முன் இப்படிப் பின்னிழுப்போ தோள் உயர்வோ தெரிந்தால் அதைத் திருத்துங்கள்.

வயிற்றில் அடித்து எப்படி நாக்அவுட் ஆகிறது? நினைவோடுதானே இருக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

நினைவு இருக்கும், கால் கேட்காது. வலது விலாவின் கீழ் விளிம்பில் ஈரல் இருக்கிறது. அங்கே சரியாக விழும் இடது ஹூக்குக்கு (கையை வளைத்துப் பக்கவாட்டில் அடிக்கும் குத்து) பிறகு ஒன்றிரண்டு நொடி எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அடுத்து மூச்சு அடைத்து, உடம்பு தானாக மடங்கும். பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ வேண்டும் என்று தெரிந்தாலும் எழ முடியாது. 2004-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 9-ஆவது ரவுண்டில் ஆஸ்கர் டி லா ஹோயாவை இப்படித்தான் முடித்தார்.

அந்த இடத்தை எதிராளியின் வலது முழங்கை மூடியிருக்கும். திறக்க வைப்பதுதான் வேலை. தலைக்கு இடது ஹூக் இரண்டு முறை போடுங்கள். அவர் வலதுகையை உயர்த்துவார். மூன்றாவதாக இடதுகாலை வெளிப்பக்கம் அரை எட்டு நகர்த்தி, முழங்காலை மடக்கி, கீழிருந்து உள்நோக்கி ஏற்றி அடியுங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்து அடிப்பவர்களுக்குப் பலமும் வராது, தலையும் எதிராளியின் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே ஏறும் குத்து) நேரே போய்விடும். இடதுகை கீழே போகும் நேரத்தில் வலதுகை உங்கள் தாடையை விட்டு விலகவே கூடாது.

குத்தின் பலத்தைக் கூட்ட டம்பெல் பிடித்து ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். டம்பெல்லின் எடை கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. குத்து போவதோ முன்னோக்கி. தோள் சோர்ந்து, கை தாழும் பழக்கம்தான் மிஞ்சும்.

பலம் காலிலிருந்து வருகிறது. நேர்குத்தில் கால், உடற்பகுதி, கை ஆகியவற்றின் பங்கை 1980-களில் சோவியத் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மேல்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 40 சதவீதத்தை நெருங்கியது. கீழ்நிலை வீரர்களிடம் அதில் பாதிகூட இல்லை. வலது கிராஸில் (பின்னால் இருக்கும் வலதுகையின் நேர்குத்து) பின்காலின் முன்பாதம் தரையைத் தள்ள, குதிகால் வெளியே திரும்ப, இடுப்பு, தோள், கை என்று வரிசையாக வர வேண்டும். முஷ்டியை இறுக்குவது கடைசியில், படும் கணத்தில் மட்டும். தொடக்கத்திலேயே இறுக்கினால் வேகம் செத்துவிடும். பின்கால் தரையை விட்டுத் தூக்கினால் தள்ளுவதற்கு ஆதாரமே போய்விடும்.

பேக்கைப் பார்த்தே சோதிக்கலாம். அது தூரமாக ஊசலாடினால் நீங்கள் தள்ளுகிறீர்கள். அதே இடத்தில் மடங்கி அதிர்ந்தால் அதுதான் குத்து.

வாரத்துக்கு இரண்டு நாள், 3 அல்லது 4 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்து) சுவருக்குப் பக்கவாட்டில் நின்று முழு வேகத்தில் வீசுங்கள். ஒரு பக்கத்துக்கு 5 முறை, மூன்று செட், நடுவே இரண்டு நிமிட ஓய்வு. களைத்த பிறகு வீசுவதில் பயனில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்ற எடைப் பயிற்சிகள் இரண்டும் குறைந்த எண்ணிக்கையில், ஒழுங்கான அசைவோடு போதும்.

நாக்அவுட் திறமை பிறவியிலேயே வருவதா?
– வாசகர், திருச்சி

வேகமான தசைநார், நீண்ட கை போன்றவற்றில் பிறவிக்குப் பங்கு உண்டு. நேரம் பார்ப்பதும் இடம் பார்ப்பதும் முழுக்கப் பழக்கம். 1994-இல் ஃபோர்மனுக்கு வயது 45. கால் வேகம் போய்விட்டது. மைக்கேல் மூரருக்கு எதிராக மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தார். ஆனாலும் ஜாபைப் பொறுமையாகப் போட்டுக்கொண்டே, 10-ஆவது ரவுண்டில் குட்டையான ஒரு வலதுகைக் குத்தைத் தாடையில் இறக்கினார். உலகப் பட்டம் 20 ஆண்டுக்குப் பின் திரும்பியது. இருபத்தைந்து வயதில் அவர் சுழற்றி அடித்த அடிகளைவிட அந்தக் குத்து குறைந்த தூரமே பயணித்தது.

எந்த கிளவ்ஸில் நாக்அவுட் அதிகம்?
– வாசகர், சேலம்

சிறியதில். தொழில்முறைப் போட்டிகளில் வெல்டர்வெயிட் (சுமார் 67 கிலோ எடைப் பிரிவு) வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 அணியுங்கள். பஞ்சு அமுங்கிப்போன பழைய 16 அவுன்ஸ் கிளவ்ஸ், எடையில் மட்டும்தான் 16. முஷ்டி எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

ஸ்பாரிங்கில் அடி வாங்கிச் சில நொடி நினைவு தப்பியது. மறுநாள் தலைவலி மட்டும்தான். பயிற்சியைத் தொடரலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கூடாது. தலைவலி இருக்கும்வரை மூளை தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், தலைவலி கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது. தலையில் அடி வாங்காமல் குறைந்தது 30 நாள் கழியட்டும். நினைவு தப்பியிருப்பதால் மருத்துவர் இன்னும் நீண்ட ஓய்வு சொல்லலாம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மருத்துவர் அனுமதித்ததும் முதலில் நடை, பிறகு ஸ்கிப்பிங், பிறகு பேக். ஒவ்வொரு படியிலும் ஒரு நாளாவது தலைவலி வராமல் இருந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஸ்பாரிங் எல்லாவற்றுக்கும் கடைசி. நடந்ததை உங்கள் பயிற்சியாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் உங்களை நாளையே ரிங்கில் இறக்கிவிடுவார்.