சோதனை இயந்திரத்தின் அசைவை வடிவமைக்கும் வேலை: ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மெக்கானிக்கல் படிக்கும் உங்கள் மகள், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் தானியங்கி இயந்திரங்களை வடிவமைக்க விரும்புவதாகவும், அது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குரிய இடமாயிற்றே என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் தேவையில்லை. மின்னழுத்தத்தை அளப்பது எலெக்ட்ரானிக்ஸ் வேலை என்றாலும், அளக்கும் ஊசியை உரிய புள்ளியில் கொண்டுபோய் நிறுத்துவது மெக்கானிக்கல் பொறியாளரின் பொறுப்புதான்.

அந்தப் பொறுப்பு எளிதானதன்று. ஊசி பொருத்திய கை புள்ளிக்குப் புள்ளி நகர்ந்து அளக்கும் ஃப்ளையிங் புரோப் வகை இயந்திரத்தில் ஊசி தொட வேண்டிய இடம் சில சமயம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். விரைந்து வந்து நிற்கும் கையின் அதிர்வு அடங்கும்வரை ஊசியை இறக்க முடியாது. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அந்தக் காத்திருப்பு சேரும்போது ஒரு போர்டுக்கான நேரமே நீண்டுவிடுகிறது. பெரிய மோட்டார் போட்டால் மட்டும் இது தீராது. நகரும் பாகத்தின் எடையைக் குறைத்து, அதன் விறைப்பைக் கூட்டி, முடுக்கத்தைச் சட்டென மாற்றாமல் சீராக ஏற்றி இறக்க வேண்டும். வெப்பமும் கணக்கில் வரும்: ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும், அலுமினியமோ 23 மைக்ரான் நீளும்.

ஒரே அமுக்கலில் எல்லா ஊசிகளும் சேர்ந்து தொடும் ஃபிக்ஸ்சர் வகையில் சிக்கல் வேறு. ஓர் ஊசிக்கு 2 நியூட்டன் விசை என்றால், 1000 ஊசிகளுக்கு ஏறக்குறைய 200 கிலோ எடைக்கு நிகரான விசை போர்டின்மேல் விழுகிறது. தாங்கிகள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் போர்டு வளைந்து, அதிலுள்ள செராமிக் கெபாசிட்டர் என்னும் சிறு மின்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சோதிக்க வந்த இயந்திரமே பொருளைக் கெடுத்துவிடும் இந்த நிலைதான், என் பார்வையில், இத்துறையில் மிகுந்த கவனம் கோருவது.

மென்பொருள் துறையோடு ஒப்பிட்டால் பணியிடங்கள் குறைவே. அதை மறைக்க மாட்டேன். எனினும் இதே திறமை சிப் தயாரிப்புக் கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் வேண்டப்படுகிறது. அதிர்வியல், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் (இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள்), டாலரன்ஸ் கணக்கு (பாகங்களின் அளவில் எவ்வளவு பிசகை அனுமதிக்கலாம் என்ற கணக்கு) ஆகிய மூன்றையும் அவள் ஆழமாகப் படிக்கட்டும்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுமுன், கல்லூரிப் பட்டறையில் ஒரு திருகும் மோட்டாரும் கொண்ட ஒற்றை அச்சு நகர்வை அவளே அமைக்கட்டும். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, ஒரே புள்ளிக்கு இரு திசைகளிலிருந்தும் முப்பது முறை கொண்டுவந்து அளவுகளைக் குறிக்கட்டும். இரு திசை அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று அவள் தேடத் தொடங்குகிறாளா என்பதை நான் பார்க்க விரும்புகிறேன். அந்தக் குறிப்பேட்டை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.