பழைய ஆட்டோமேட்டிக் கார்ல கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுது, கியர்பாக்ஸ இறக்கணும்ங்கிறாங்க. வித்துடலாமா?

அவசரப்பட்டு விக்காதீங்க. இறக்கணும்னு சொன்னவர் வண்டிய லிஃப்ட்ல ஏத்தி கீழ நின்னு பாத்தாரா, இல்ல தரையில கெடந்த சொட்ட பாத்துட்டே சொன்னாரா? அத மொதல்ல கேளுங்க.

எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். 2012 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 கப்பா இன்ஜின், ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியலன்னு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தோம். வித்த ஆளு அண்டர்பாடி வாஷ் எல்லாம் பண்ணி பளபளன்னு குடுத்தார், எதுக்கு கழுவினார்னு கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிடுச்சு, முன்னாடி வீலுக்கு உள்பக்கமா செவப்பா சொட்ட ஆரம்பிச்சது. ஐ10ல பவர் ஸ்டீயரிங் கரன்ட்ல ஓடுறதால அதுல ஆயிலே கெடையாது, அதனால செவப்பா எண்ணெய் சொட்டினா அது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டின்னா அந்த ஆயிலும் செவப்பா இருக்கலாம், டொயோட்டாவுக்கு கூலன்ட்டே செவப்பாவோ ரோஸாவோ இருக்கும், அதனால கலர மட்டும் நம்பாதீங்க, விரல்ல தொட்டு தேச்சு பாருங்க, வழவழன்னு எண்ணெயா இருக்கணும்.

நான் கொண்டு போன கராஜ்ல எட்டிக்கூட பாக்காம "டார்க் கன்வெர்ட்டர் சீல் சார், கியர்பாக்ஸ இறக்கியே ஆகணும், இறக்கினா முழுசா பிரிச்சு ஓவர்ஹாலும் பண்ணிடலாம்"னு அறுபதாயிரம் சொன்னாங்க. டார்க் கன்வெர்ட்டர்னா இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற பாகம், சீல்னா ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையம். தெரிஞ்ச ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் டீசல் ஊத்தி அடிப்பக்கம் முழுக்க கழுவி, துணியால காய தொடச்சு, "ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க தம்பி"ன்னாரு. திரும்பி வந்ததும் டார்ச் அடிச்சு பாத்தா டிரைவ் ஷாஃப்ட் (வீல சுத்த வைக்கிற தண்டு) கியர்பாக்ஸுக்குள்ள போற எடத்துல மட்டும் ஈரம், அங்கேர்ந்து காத்துல பின்னாடி பறந்து எல்லா எடத்துலயும் அப்பியிருக்கு. எது மேலயும் முன்னாடியும் ஈரமா இருக்கோ அங்கதான் லீக், சொட்டுற எடம் முக்கியமில்லன்னு சொன்னார். முன்ன யாரோ ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) மாத்தறப்போ சீல் உதட்ட கிழிச்சிருக்காங்க. சீல் சில நூறு ரூபா, ஒழுகின ஆயில் டாப் அப், கூலி எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

நான் மெக்கானிக் இல்ல, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. எல்லா லீக்கும் சீல்னு சொல்லவும் இல்ல. கன்வெர்ட்டர் சீலே போயிருந்தா நெஜமாவே இறக்கித்தான் ஆகணும், ஆனா கியர்பாக்ஸ் அடித்தட்டு (பேன்) கேஸ்கெட், ஆயில் கூலருக்கு போற ஹோஸ், ஷாஃப்ட் சீல் இதெல்லாம் பாத்து முடிச்சுட்டு கடைசியாதான் அங்க போகணும். ரேடியேட்டர் டேங்க்ல ரோஸ் மில்க் மாதிரி நுரைச்சு இருந்தா மட்டும் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, ரேடியேட்டருக்கு உள்ள இருக்கற கியர் ஆயில் கூலர் ஒடஞ்சு தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சுன்னு அர்த்தம்.

லெவல் பாக்கறதுலதான் பாதி பேர் கெடுக்கறாங்க. இன்ஜின் ஆயில் மாதிரி காலைல ஆறின வண்டில டிப்ஸ்டிக்க உருவி, கம்மின்னு நெனச்சு ஊத்திடுவாங்க. என் வண்டில ஓடி சூடானப்புறம், சமமான தரையில, பிரேக்க மிதிச்சுக்கிட்டு எல்லா கியருக்கும் ஒரு தடவ லீவர போட்டு எடுத்து, இன்ஜின் ஓடறப்பவே பாக்கணும். அதிகமா ஊத்தினாலும் நுரைச்சு பிரீதர் (காத்து போற ஓட்டை) வழியா வெளிய வரும், அப்புறம் அதையும் லீக்னு தேடிட்டு இருப்பீங்க. என் வண்டிக்கு எஸ்பி த்ரீ ஆயில், உங்களுக்கு என்னன்னு மேனுவல்ல பாருங்க, சிவிடின்னா (பெல்ட்டுல ஓடுற, கியர் படி இல்லாத ஆட்டோமேட்டிக்) அதுக்கு தனி ஆயில், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு குடுக்கறத ஊத்தாதீங்க. டப்பால விக்கிற லீக் ஸ்டாப்பர் பக்கமும் போகாதீங்க, அது ரப்பர உப்ப வைக்கும், கிழிஞ்ச சீல ஒட்டாது.

இதுக்கு நடுவுல எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் பண்ணினது இருக்கே. பார்க்கிங்ல உள்ளங்கை அளவு கறை, அத போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டு கிளீனிங் சார்ஜ்னு தனியா வசூல் பண்ணாங்க. நான் கீழ அட்டை விரிச்சு வச்சிருந்தேன், அதையும் குப்பைன்னு தூக்கி போட்டாங்க. மேல வாட்டர் டேங்க் தெனமும் நிரம்பி வழியுது, அதுக்கு ஒரு போட்டோ இல்ல, செகரெட்டரிய கேட்டா "வால்வு ஆர்டர் போட்டிருக்கோம் சார்"ங்கிறார்.

சரி, உங்க வண்டிய கழுவி ஓட்டி பாத்துட்டு எங்க ஈரம்னு போட்டோ போடுங்க. D-ல போட்டும் வண்டி யோசிச்சு கெளம்புதுன்னா, இல்ல ஆர்பிஎம் ஏறுது வேகம் ஏறலன்னா, அதுவரைக்கும் ஓட்ட வேணாம், பிளாட்பெட்ல (வண்டிய முழுசா மேல தூக்கி வச்சு கொண்டு போற லாரி) ஏத்தி அனுப்புங்க, முன் வீல் தரைல உருள கட்டி இழுக்க விடாதீங்க.