ஆமிக்காரர் கேம்ல என்ன பழகுறாங்க? கேளுங்கோ, சொல்றன்

உப்புவெளித் தம்பி: அண்ணா, பிசாசுகளைச் சுடுற டூம் கேமை அமெரிக்க ஆமி பாவிச்சது உண்மையா?
உண்மை, ஆனா ஆமி இல்ல, மரீன் படை. 1996ல கடையில வித்த டூம் 2ஐ எடுத்து, பிசாசுகளைத் தூக்கிப்போட்டு மனுசரைப் போட்டு மரீன் டூம் எண்டு மாத்தினாங்க. நாலு பேர் ஒரு குழு. துவக்கு சுடப் பழக்க இல்ல, ஆர் முன்னுக்குப் போறது, ஆர் பின்னால காவல் நிக்கிறது, தலைவன் விழுந்தா ஆர் பொறுப்பெடுக்கிறது, இதையெல்லாம் ஒரு தோட்டாவும் செலவில்லாம திரும்பத் திரும்பச் செய்ய வைக்கத்தான். ஆனா கவனம், கேம்ல பழகுற பிழையும் கூடவே வரும். காயப்பட்டவன் ஒளிச்சிருந்தா சுகமாகிறது கேம்ல மட்டுந்தான்.

நிலாவெளி: பப்ஜி நல்லா விளையாடினா நல்லாச் சுடலாமா?
இல்ல. துவக்கின்ர பாரமும் உதைப்பும் ஃபோன்ல வராது.

சீனக்குடா: எயார்ஃபோர்ஸ்ல சேர கேம் உதவுமா?
சேர்றதுக்கு அவங்கட விளம்பரத்தைப் பாருங்கோ.

மூதூர்: அமெரிக்காஸ் ஆர்மியும் ட்ரெயினிங் கேம்தானே?
அது முதல்ல ஆள் சேர்க்க வந்த கேம். 2002 ஜூலை 4ல ஆமியே இலவசமா விட்டது.

திரும்ப மூதூர்: அதுல முதலுதவிப் பாடம் இருந்துதே, பாஸ் பண்ணினாத்தான் மெடிக்கா, அதாவது காயப்பட்டவனுக்கு மருந்து கட்டுற வீரனா, விளையாடலாம்?
இருந்தது, நல்ல பாடந்தான், அதை மறுக்கேல்ல. ஆனா ஆர் செய்தது, ஏன் செய்தது எண்டும் பாக்கவேணும். 13 வயசுப் பிள்ளையும் விளையாடலாம், அங்க ஆமியில சேர 17 ஆகவேணும், அப்ப இடையில இருக்கிற நாலு வருசமும் அந்தப் பிள்ளையின்ர மனசுல என்ன ஊறும்? எங்கட கிழக்கில சின்னப் பிள்ளையளைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போன கதை தெரிஞ்ச தாய்மாரைக் கேளுங்கோ. இங்க பிடிச்சுக்கொண்டு போனாங்க, அங்க விளையாட்டைக் குடுத்துக் கூப்பிட்டாங்க, ரெண்டும் ஒண்டெண்டு சொல்லேல்ல. எண்டாலும் பிள்ளையின்ர விளையாட்டுக்குள்ள படை வரக்கூடாது, இதுல நான் விட்டுக்குடுக்கமாட்டன். 2022ல அந்தக் கேமை மூடினாங்க, எனக்குச் சந்தோசம்.

கன்னியா: ஃப்ரீ ஃபயர் விளையாடினா குறி...
மேல நிலாவெளிக்குச் சொன்னதுதான். வாசிச்சிட்டுக் கேளுங்கோ.

நேர்ஸ் தங்கச்சி: மனசு பாதிச்ச படைவீரருக்கு இதால உதவி உண்டா?
உண்டு தங்கச்சி, எனக்கு இந்த விசயத்திலேயே பிடிச்சது இதுதான். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தோட சேந்து செய்து, 2004ல கடைக்கு வந்தது ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர் எண்ட சண்டைக் கேம். அதின்ர தெருக்களையும் கட்டிடங்களையும் எடுத்து வேர்ச்சுவல் இராக் எண்டு ஒரு சிகிச்சை செய்தாங்க. நோயாளி கண்ணில மாட்டுற ஹெட்செட் போட்டு அந்தத் தெருவில திரும்பப் போவார், பக்கத்தில சிகிச்சை செய்றவர் இருந்து சத்தத்தையும் புகையையும் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுவார், அவர் நடந்ததை வாயால சொல்லச் சொல்லப் பயம் இறங்கும். ஆனா கவனம், பக்கத்தில அந்த ஆள் இல்லாம வீட்டில சண்டைக் கேமைப் போட்டுக்குடுக்கிறது சிகிச்சை இல்ல.

அலஸ்தோட்டம்: பப்ஜி...
இல்ல தம்பி.