ரீச்சரிடம் கேளுங்கள்: வாய் திறக்காத வகுப்பு

கேள்வி: ரீச்சர், நான் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனம் கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. தரம் 6 படிப்பிக்கிறேன். கேள்வி கேட்டால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெயர் சொல்லி எழுப்பினால் சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. பாடம் விளங்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.
– ஆசிரியை ஒருவர், கொக்கட்டிச்சோலை

மகள், உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு 1979 தை மாதம் ஞாபகம் வந்தது. 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மண்முனைத் துறையில் வாவியைக் கடந்து அக்கரைக்குப் போவேன். இப்போது நீங்கள் போகிற பாலம் 2014இல்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாதிக் கூரை இல்லை. மரத்தடியில் வகுப்பு. நீங்கள் எழுதியிருக்கிற அதே மௌனம்தான் அங்கேயும். ஒரு பையன் இரண்டு மாதமாக ஒரு சொல் பேசவில்லை. "இவனுக்கு ஒன்றும் ஏறாது" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியே விட்டேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் தங்க வேண்டி வந்தது. இரவு மத்தளச் சத்தம் கேட்டு, வீட்டுக்கார அம்மாவோடு கூத்துப் பழகுகிற இடத்துக்குப் போனேன். வடமோடிக் கூத்து, பாட்டும் ஆட்டமுமாக நடக்கிற நம் ஊர் நாடகம். சட்டம் கொடுத்து, அதாவது அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுத்து, பெரியவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். களரிக்கு, அதாவது ஆடுகிற வட்டத்துக்கு வெளியே, இருட்டில், என் "ஒன்றும் ஏறாத" பையன் நின்றான். முன்னால் ஆடுகிறவரின் காலைப் பார்த்து அவன் கால் போகிறது. தாளக்கட்டு பிசகவில்லை. பாட்டு முழுவதும் வாய்க்குள் ஓடுகிறது. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் அவனைச் சோதிக்கவும் இல்லை.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் படிப்பிக்கிற விதத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவர் பாட, எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிழை விட்டவரைத் தனியே நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. மத்தளத்தை நிறுத்தி, அந்த வரியை மறுபடி பாடினார், அவ்வளவுதான். ஆடப் பழகி முடித்துக் காலில் சதங்கை அணிகிற நாள் வரும்வரை யாரும் தனியாக நின்று தன்னைக் காட்ட வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டும், பிறகு கூட்டத்துக்குள் நின்று செய்ய வேண்டும், கைவந்த பிறகு சபைக்கு வர வேண்டும். என் வகுப்பிலோ எல்லாம் தலைகீழ். பாடம் சொல்லி ஐந்து நிமிடத்தில் "நீ எழும்பிச் சொல்லு" என்பேன். அந்தப் பிள்ளைக்கு அது சதங்கை கட்டாமல் அரங்கேற்றுகிற மாதிரி.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றி சூசன் பிலிப்ஸ் என்ற மானுடவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளும் எல்லார் முன்னாலும் தனியாகப் பேசச் சொன்னால் வாய் திறக்க மாட்டார்கள். சிறு குழுவாக விட்டால் நன்றாக வேலை செய்வார்கள். வீட்டில் அவர்கள் பார்த்துப் பழகி, தனியே செய்துபார்த்து, சரிவந்த பிறகே மற்றவருக்குக் காட்டுகிறவர்கள்.

சரி, நாளைக்கு நீங்கள் என்ன செய்யலாம்? கேள்வியை வகுப்புக்குப் போடுங்கள், பெயருக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு இரண்டு நிமிடம் கதைக்க விடுங்கள். பிறகு வாங்கு வாங்காகச் சேர்ந்து பதில் சொல்லட்டும். கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த சொல் பேசுங்கள். எனக்கு அந்தப் பத்தை எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இரண்டு மூன்று மாதம் போனபின் ஒவ்வொருவராக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நேர்முகப் பரீட்சைக்கும் மேடைக்கும் அந்தப் பழக்கமும் அவர்களுக்கு வேண்டும், அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. "படுவான்கரைப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அதே வகுப்பில் வாயாடிப் பெண்பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அவளுக்குக் கூத்தும் வேண்டாம், குழுவும் வேண்டாம், எழும்பிப் பேச இடம் கொடுத்தால் போதும். ஊரைத் தெரிந்துகொள்வது பிள்ளையைப் பார்ப்பதற்கு உதவ வேண்டும். பிள்ளையைப் பார்க்காமல் விடுவதற்கு அதுவே சாட்டாகிவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஒரு ஆள் பதில் சொல்லத் தொடங்கினால் நாலு பேர் இடையில் புகுந்து சொல்கிறார்கள். சந்தை மாதிரி இருக்கிறது.
– ஆசிரியர், கல்முனை

தம்பி, அந்த நாலு பேர் சொல்வதை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே கதையைத் தானே சேர்ந்து சொல்கிறார்கள்? ஹவாய்த் தீவுகளில் 1970களில் இதே "குழப்படி" ஆசிரியர்களுக்குத் தலைவலியாக இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் தொட்டு, இன்னொருவர் முடிக்கிற விதமாகக் கதை சொல்லிப் பழகியவர்கள். வாசிப்புப் பாடத்தில் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுத்துப் பார்த்தபோது பிள்ளைகள் பாடத்துக்குள் வந்தார்கள். நீங்களும் கதைப் பாடத்துக்கு அப்படி விடுங்கள். கணக்குப் பாடத்துக்கு ஒவ்வொருவராகக் கேளுங்கள். எந்த நேரத்துக்கு எந்த முறை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்கிறேன் ரீச்சர். மகனுக்கு 12 வயது. சனிக்கிழமைகளில் என்னோடு நிற்பான். எத்தனை காய் எடுத்தாலும் கணக்குச் சொல்லி மிச்சக் காசு கொடுப்பான், ஒரு ரூபாய் பிழைக்காது. பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு 28 புள்ளி. நான் அவனைச் சந்தைக்குக் கூட்டிப் போவதுதான் பிழையா?
– தகப்பன் ஒருவர், ஏறாவூர்

இல்லை தம்பி, கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மகனைப் போலவே ஒரு பையன் பிரேசிலில் இருந்தான். ரெசிஃபே என்ற நகரத்தில் தெருவில் தேங்காய் விற்றவன். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய், ஒரு காய் 35 குருசேரோ (அந்த நாட்டு அக்காலக் காசு) என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். நாம் என்றால் ஒரு பூச்சியம் சேர்த்திருப்போம். அவன் மூன்று காய்க்கு 105 என்றான். இன்னும் மூன்று, 210. பிறகு 315. கடைசியில் 350. மூன்று காய் அவனுக்குப் பழகின கணக்கு, அதில் ஏறி நின்று மற்றதைப் பிடித்தான். இப்படி ஐந்து பிள்ளைகளைப் பார்த்தார்கள். சந்தையில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37தான் சரி. 1985இல் வந்த ஆய்வு இது. பிள்ளைகளும் அவர்களே, மூளையும் அதே மூளை.

அதனால் 28 என்ற எண்ணைப் பார்த்து மகனை மக்கு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ஆனால், தம்பி, சாதாரண தரப் பரீட்சைக்குத் தாளில்தான் எழுத வேண்டும். அங்கே சந்தை இல்லை, படிமுறைக்கும் புள்ளி உண்டு. ஆகவே இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பயிற்சிக் கொப்பியில் இருக்கிற கணக்கைத் தேங்காயாக மாற்றிக் கேளுங்கள். அவன் வாயால் சொல்லட்டும். சொன்ன வழியை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: 105, 210, 315, 350. அதன் கீழே 35 × 10 என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். "ஓ, இதுதானா!" என்று அவன் சொல்கிற நாள் வரும். கணித ஆசிரியரையும் ஒருமுறை கடைக்கு வரச் சொல்லுங்கள். தேங்காய் வாங்க வந்தவர் மாதிரி நின்று பார்க்கட்டும்.

கேள்வி: மகள் "மறுகா", "கிறுகி" என்றெல்லாம் கட்டுரையில் எழுதுகிறாள். ஆசிரியை சிவப்பு மையால் வெட்டி "பேச்சுவழக்கு" என்று எழுதி அனுப்புகிறார். வீட்டிலும் இனி அப்படிக் கதைக்க விடக் கூடாதா?
– தாய், களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, வீட்டுப் பேச்சில் கை வைக்காதீர்கள். அந்தச் சொற்களில்தான் அவள் யோசிக்கிறாள். கட்டுரைக்குப் "பிறகு", "திரும்பி" என்ற சொற்கள் வேண்டும் என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். நான் வெட்டுவதில்லை. "மறுகா" என்பதற்குப் பக்கத்தில் "பிறகு" என்று எழுதிவிடுவேன், இரண்டும் இருக்கட்டும் என்று. கதை எழுதினால், உள்ளே வருகிற ஆச்சி "மனே, மறுகா வா" என்றே கூப்பிடலாம் என்றும் சொல்லிக்கொடுப்பேன். விபுலாநந்த அடிகள் காரைதீவுப் பிள்ளை. இந்தப் பேச்சுக்குள் பிறந்தவர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் கதிரையில் இருந்தார். இதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊர் உதாரணம் சொல்லிப் படிப்பிக்க ஆசைதான். பாடத்திட்டம் முடிக்க நேரம் இல்லையே?
– விஞ்ஞான ஆசிரியை, சம்மாந்துறை

பாடம் முழுவதும் வேண்டாம், தங்கச்சி. தொடங்குகிற ஒரு கேள்வி போதும். "முட்டித் தயிர் ஏன் பிளாஸ்டிக் கோப்பைத் தயிரைவிட இறுகி இருக்கு?" என்று கேளுங்கள். மண் முட்டி தயிரிலுள்ள நீரை உறிஞ்சுகிறது, வெளிப்பக்கத்தால் அது ஆவியாகிறது. நுண்துளையும் ஆவியாதலும் அதற்குள்ளேயே வந்துவிட்டன. உவர்நீர் பற்றிய பாடம் என்றால், மாரியில் வாவி கடலோடு சேர முகத்துவார மணலை வெட்டினால் வாவித் தண்ணீர் என்னவாகும் என்று கேளுங்கள். தகப்பனோடு தோணியில் போகிற பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், அன்றைக்குப் பாதிப் பாடத்தை அவனே எடுத்துவிடுவான். நீங்கள் கரும்பலகையில் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு நில்லுங்கள்.